கீழ்ப்பிடி

"ஒரு நிமிசம் புடிச்சுக்கங்க மச்சான், மேல போயி சுத்தியல் வாங்கிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தவசி போனான். போனவன் போனவன்தான். ஒரு நிமிசம் என்கிற சொல்லுக்கு இந்த மதுரையில் யார் அளவு வைத்திருக்கிறார்கள்? டீக்கடையில் ஒரு நிமிசம் என்றால் பேப்பரை முழுசாகப் படித்து மடித்து வைத்துவிடலாம். ரேஷன் கடையில் ஒரு நிமிசம் என்றால் ஆள் சாப்பிடப் போய்விட்டார் என்று அர்த்தம். பீரோவுக்கு அடியில் ஒரு நிமிசம் என்றால் என்ன என்று முத்திருளனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்டாலும் சொல்வதற்கு அவன் நெஞ்சில் காற்று இல்லை, நெஞ்சின் மேல் பீரோ இருந்தது. அந்தக் காலத்துக் கனத்த தகடு, இப்போது வருகிற தகரடப்பா இல்லை. இரண்டாம் மாடியிலிருந்து முதல் மாடிக்கு இறங்குகிற படிக்கட்டில் அது மல்லாந்து சரிந்து கிடந்தது, கால் பக்கம் கீழே, தலைப் பக்கம் மேலே. கால் பக்கத்தை இரண்டு உள்ளங்கையிலும் இடது தோளிலும் வாங்கிக்கொண்டு அவன் நின்றான். அவனுக்குப் பின்னால் மூன்று படி, அதற்கப்புறம் ஆள் திரும்புகிற அளவுக்கு ஒரு திட்டு, திட்டை ஒட்டி ஒரு பச்சைக் கதவு. மேலே தலைப் பக்கத்தில் ஒரு வடக்கயிறு கட்டியிருந்தது. அதன் நுனியைத் தவசி மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டுத்தான் போயிருந்தான். பீரோவின் கதவுப் பிடி படிக்கட்டுக் கம்பி ஒன்றில் மாட்டிக்கொண்டது, அதுதான் சிக்கல். கம்பியைத் தட்டி வளைத்தால் சரியாகிவிடும். சுத்தியல் வந்தால் சரியாகிவிடும். மாட்டிக்கொண்ட வரைக்கும் நல்லது என்றும் ஒரு பக்கம் தோன்றியது, ஏனென்றால் அந்தக் கம்பியும் கொஞ்சம் கனத்தைத் தாங்குகிறது, அந்தக் கம்பிக்கு யாரும் ஒரு நிமிசம் என்று சொல்லவில்லை, ஆனாலும் அது தாங்குகிறது.

சேலை வேண்டாமென்று அப்போதே சொல்லியிருக்கணும். பீரோவுக்கு நனைத்த சாக்குதான் போடுவது வழக்கம், நனைத்த சாக்கு படியைக் கடித்துக்கொண்டு இறங்கும், நாம் இழுத்தால்தான் வரும், விட்டால் நிற்கும். பீரோவுக்குச் சொந்தக்கார மேல்வீட்டம்மா சாக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "சாக்குல மண்ணு இருக்கும், பெயின்ட்டெல்லாம் கீறிப்புடும், இந்தாங்க, இதச் சுத்துங்க" என்று ஒரு பழைய நைலான் சேலையைக் கொண்டுவந்து போட்டார்கள். ஆரஞ்சுப் பூப்போட்ட சேலை. அதைப் பார்த்ததுமே முத்திருளனின் வயிற்றுக்குள் ஒன்று சொன்னது, இது வழுக்கும் என்று. சொன்னது வயிறு, வாய் சொல்லவில்லை. காலையில் தவசியை ஏசிவிட்டு வந்த வாய், அது அன்றைக்கு வேறெதுவும் சொல்ல வெட்கப்பட்டதோ என்னவோ. உள்ளே என்னம்மா இருக்கு என்று மட்டும் கேட்டான். "ஒண்ணுமில்லப்பா, சாவி தொலஞ்சு போச்சு, சும்மா துணிமணிதான்." துணிமணி உருளுமா? முதல் திருப்பத்தில் பீரோ நின்ற பிறகும் உள்ளே இருந்தது நிற்கவில்லை. அது பாட்டுக்கு உருண்டு வந்து அடித்தகட்டில் டங்கென்று மோதியது, அவன் தோள் எலும்பில் கேட்டது அந்தச் சத்தம். பித்தளைக் குத்துவிளக்காக இருக்கும், இல்லை அண்டாவாக இருக்கும். தவசிகூட மேலே இருந்து சிரித்தான், "மச்சான், துணிமணி நடந்து போகுது" என்று. நல்ல பையன்தான். பெண்டாட்டி பஞ்சவர்ணத்தின் கடைசித் தம்பி. அவளைக் கட்டப் போனபோது இவன் அரைஞாண் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, யாரு இந்த ஆளு என்று கேட்டவன். கம்பெனி மூடிவிட்டார்கள் என்று மூன்று மாசமாக முத்திருளனோடு வருகிறான், மேல்பிடிக்கு, அதாவது சாமானின் மேல்முனையைப் பிடிக்க. இன்று காலையில் வண்டியில் ஏறும்போது கையை உதறிக்கொண்டு, கையெல்லாம் கடுக்குது மச்சான் என்றான், அவ்வளவுதான் சொன்னான். அதற்கு முத்திருளன், முடியலேன்டா வீட்ல ஒக்காரு, ஒங்க அக்கா சோறு போடுவா, நான் சம்பாரிச்சுக் கொண்டாந்து கொட்டுறேன், என்று வண்டிக்காரன் காதுபட, டீக்கடைக்காரன் காதுபட. தவசி கடுத்த கையால் டீ கிளாஸை மெதுவாக வைத்துவிட்டு வந்து ஏறிக்கொண்டான். அந்தக் கோபம்தானோ? சுத்தியல் வாங்கப் போனவன் மேல்வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்கிறானோ? குடிக்கட்டும். குடித்துவிட்டு வரட்டும். வந்தால் போதும்.

பச்சைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் படித்துக்கொண்டிருந்தது. ஏறும்போதே கேட்டதுதான், ஏதோ சர்க்கார் பரீட்சைக்கு, கிளார்க் வேலைக்கோ என்னத்துக்கோ, கல்யாணமான பெண்ணின் குரல், நடுநடுவே குக்கர் விசில். ஓய்வுநிலையில் உள்ள ஒரு பொருள், புறவிசை ஒன்று அதன்மீது செயல்படாத வரை, ஓய்வுநிலையிலேயே இருக்கும். ஓய்வுநிலையிலேயே இருக்கும். இருக்கும். சொல்லிச் சொல்லி அது நாக்கில் உட்காருகிற வரைக்கும் விடுவதில்லை. இருக்கட்டும் தாயி, ஓய்வாகவே இருக்கட்டும், அந்தப் பொருள் ஓய்வாக இருக்கத்தான் இந்தப் பொருள் இங்கே நின்று சாகிறது. நிறை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. எடை என்பது அப்பொருளைப் பூமி ஈர்க்கும் விசை. நிறை எங்கும் மாறாது. நிலவில் எடை ஆறில் ஒரு பங்கு. ஆறில் ஒரு பங்கு. முத்திருளன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் நிலவில் நின்று பார்த்தான். வெள்ளை மண், ஒரு மாடிப்படி, அதே ஆரஞ்சுப் பூச்சேலை சுற்றிய பீரோ, ஒற்றைக் கையில். பஞ்சவர்ணம் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறாள். அவளைத் தமுக்கம் பொருட்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் ராட்டினத்தில் ஏற்றியபோது, மேலே போய் இறங்குகிற இடத்தில் வயிறு கழன்று மேலேயே நின்றுவிட்டதே, உடம்பே இல்லாதமாதிரி, அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஏங்க நான் இருக்கேனா என்று கேட்டாளே. கனம் என்பது போய்விட்டால் இருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. அம்மா செத்தபோது பாடையின் தலைமாட்டை அவன்தான் தோளில் வாங்கினான். செத்த உடம்பு கனக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், அவன் மூச்சைப் பிடித்துத் தோளைக் கெட்டியாக்கிக் காத்திருந்தான், தூக்கியதும் பார்த்தால் ஒன்றுமே இல்லை, வெறும் மூங்கில்தான் கனத்தது. அதுவரைக்கும் அழாதவன் அங்கேதான் அழுதான். ஊரான் வீட்டுப் பீரோவெல்லாம் இவ்வளவு கனக்குதே, நீ ஏன் ஆத்தா இப்படி இருக்க என்று. இதில் எது நிறை, எது எடை? மாறாதது எது? விசில் வந்தது. பருப்பு வாசனை வந்தது. பெருங்காயம். அந்த வாசனைக்கு வாயில் எச்சில் ஊறியது, இந்த நேரத்தில்கூட. உடம்பு ஒரு வெட்கங்கெட்ட சாமான்.

இடது கால். இடது காலைப் பற்றி நினைக்கக் கூடாது என்று பீரோவைத் தோளில் வாங்கியதிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது நினைத்துவிட்டான். கால் இல்லை. அதாவது கால் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று தகவல் வரவில்லை. தொடை வரைக்கும் சேதி வருகிறது, முழங்காலுக்குக் கீழே கம்பி அறுந்த போன்மாதிரி ஆகிவிட்டது. போன மாசம் சந்தையிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தான், பஞ்சவர்ணம் வாசலில் நின்றவள், "என்னங்க, ஒத்தச் செருப்போட வர்றீக?" என்றாள். குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்காலாக இருந்தது, எங்கே கழன்றது என்றே தெரியவில்லை, தார்ச்சாலைச் சூட்டில் குதிகால் கொப்புளித்திருந்தது, அதுவும் தெரியவில்லை. குடிச்சிருக்கேன்டு நெனச்சியா என்று சிரித்து மழுப்பிவிட்டான், நாய் தூக்கிட்டுப் போயிருக்கும் என்றான், கால்ல மாட்டியிருந்ததையா என்று அவளும் சிரித்தாள். மறுநாள் யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனான். சின்ன வயசு டாக்டர், நல்ல மாதிரி, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் ஜவ்வு இருக்குண்ணே, அது பிதுங்கி நரம்பை அழுத்துது, இனிமே கனம் தூக்கக் கூடாது என்றார். என்ன வேலை பாக்குறீங்க என்று கேட்டார். முத்திருளன் காய்கறிக் கடை என்றான். பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் போய்ப் பொய் சொன்னான். ஏன் சொன்னான்? கீழ்ப்பிடிக்காரன் என்று சொன்னால் அந்த டாக்டர் தன் முகத்தைப் பார்ப்பார், அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் அப்புறம் அவன் யார்? இந்த வட்டாரத்தில் கனமான சாமான் என்றால், முத்திருளன் கீழ்ப்பிடிக்கு வர்றானா என்றுதான் முதலில் கேட்பார்கள். ரெண்டு பேர் பிடிக்கிற சாமானில் மாடி இறக்கும்போது முக்கால்வாசிக் கனம் கீழ்ப்பிடிக்கு. அதனால் பேச்சும் கீழ்ப்பிடிக்குத்தான். அவன்தான் படியைச் சொல்லுவான், அவன்தான் நில்லு என்பான், மேல்பிடி கேட்டு நடக்க வேண்டும். பாதம் படியின் விளிம்பில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? குனிந்து பார்க்க முடியாது, நடுவில் பீரோ. கட்டைவிரலை அசைக்கச் சொல்லி உத்தரவு போட்டான். அசைந்ததா, உத்தரவு போய்ச் சேர்ந்ததா என்று பதில் வரவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. நடந்தது என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை, கம்பியில் மாட்டியிருந்த கதவுப் பிடி க்ரீச்சென்று கழன்றது, பீரோ ஒரு சாண் இறங்கியது, அவ்வளவுதான். ஒரு சாண். ஆனால் நின்றுகொண்டிருக்கிற பீரோ வேறு, வருகிற பீரோ வேறு. நிற்பது பொருள், வருவது ஒரு மிருகம். அது அவன் நெஞ்சுக்கூட்டில் முட்டி, தோளில் ஏறி, காதோரத்தை உரசிக்கொண்டு நின்றது, நின்ற பிறகு உள்ளேயிருந்த பித்தளை தனியாக ஓடிவந்து தனியாக ஒரு முட்டு முட்டியது. வலது கால் ஒரு படி பின்னால் போய் ஊன்றிக்கொண்டது. இடது கால் என்ன செய்தது என்று அவனுக்குத் தெரியாது. மேலே எங்கேயோ இரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம், தொம்மென்று என்னவோ விழுகிற சத்தம். சுத்தியலைக் கீழே போட்டானா? போட்டுவிட்டுச் சிரிக்கிறானா? "ஏ தவசி!" என்று கூப்பிட்டான். பதில் இல்லை. "ஏலே தவசி, அங்க என்னடா பண்ற?" ம்ம் என்று ஒரு முனகல் வந்தது, சாப்பிட்டுக்கொண்டே பதில் சொல்கிறவன் சொல்வதுமாதிரி. வாயில் முறுக்கோ என்னவோ. காலையில் ஏசினதுக்குப் பழி வாங்குகிறான். வாங்கு. உன் அக்காளிடம் போய்ச் சொல்லு, ஒங்க வீட்டுக்காரரு படிக்கட்டுல நின்னாரு, நான் முறுக்குத் தின்னேன் என்று சொல்லு. கண்ணுக்குள் வியர்வை இறங்கி எரிந்தது. துடைக்க ஒரு கை வேண்டும். இருக்கிற இரண்டு கையும் இவன் கை இல்லை, பீரோவின் கை. மூன்று படிக்குக் கீழே இருந்த பச்சைக் கதவு இப்போது இரண்டு படிக்குக் கீழே இருக்கிறது. அந்த நைலான் சேலை கைக்குக் கீழே நெளிந்து நெளிந்து போனது, மீனைப் பிடிக்கிற மாதிரி.

செய்யப்பட்ட வேலை என்பது விசையையும் இடப்பெயர்ச்சியையும் பெருக்கக் கிடைப்பது என்றது பச்சைக் கதவு. இடப்பெயர்ச்சி சுழி எனில், செய்யப்பட்ட வேலையும் சுழி. எடுத்துக்காட்டு, ஒருவர் சுவரைத் தள்ளுகிறார், சுவர் நகரவில்லை. ஒருவர் தலையில் சுமையுடன் அசையாமல் நிற்கிறார். வேலை சுழி. சுழி, சுழி என்று இரண்டு தரம் சொன்னாள், மறந்துவிடக் கூடாதென்று. முத்திருளனுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் நெஞ்சு தளரும் என்று அதை உள்ளேயே விழுங்கினான். அப்படியென்றால் இவ்வளவு நேரம் இவன் செய்தது ஒன்றுமில்லை. தொடை நடுங்குகிறது, ஒன்றுமில்லை. முதுகுத்தண்டின் அடியில் யாரோ பழுக்கக் காய்ச்சிய ஊசியை வைத்துத் திருகுகிறார்கள், ஒன்றுமில்லை. யாராவது வந்து பார்த்தால் ஒரு ஆள் பீரோவில் சாய்ந்துகொண்டு சும்மா நிற்கிறான், சுழி. செவத்தையாவும் இப்படித்தான் சுழியாகிப்போனார். முத்திருளன் தொழிலுக்கு வந்த புதிதில் அவர்தான் கீழ்ப்பிடி, தேக்குமரத் தூண் மாதிரி கழுத்து. சுமைக்கு அடியில் நின்றுகொண்டு 'முடியல' என்கிற வார்த்தையைச் சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், எந்த மடையனுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். சுமைக்குக் காது இருக்கிறது, அந்த வார்த்தையைக் கேட்டால் அது இரண்டு மடங்காகிவிடும். நில்லு என்று சொல்லலாம், இறக்கு என்று சொல்லலாம், தண்ணி குடிக்கணும் என்று சொல்லலாம், முருகா என்றுகூடச் சொல்லலாம். அந்த ஒன்றைச் சொல்லக் கூடாது. ஒரு நகைக்கடையின் இரும்புப் பெட்டியை இறக்கும்போது செவத்தையா சொல்லிவிட்டார். மெதுவாகத்தான் சொன்னார். பெட்டி விழவில்லை, யாருக்கும் அடிபடவில்லை, நாலு பேர் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள். அடுத்த நாளிலிருந்து அவரை யாரும் கீழ்ப்பிடிக்குக் கூப்பிடவில்லை. அதற்கடுத்து மேல்பிடிக்கும் கூப்பிடவில்லை. கடைசியில் வண்டியில் சாமானுக்குக் காவல் உட்கார்ந்தார், எழுந்து நின்றால்கூட, நீங்க உக்காருங்கண்ணே என்றார்கள், மரியாதையாக. அந்த மரியாதை. முத்திருளனும் சொல்லியிருக்கிறான், நீங்க உக்காருங்கண்ணே. அவர் முகம் இப்போது பீரோவின் சாம்பல் நிறத் தகட்டில் தெரிந்தது, அல்லது தெரிந்தது இவன் முகம்தானோ. தவசிக்கும் முதல் நாளே சொல்லித்தானே கூட்டிவந்தான். கை ஒடிஞ்சாலும் அந்தச் சொல்லு வெளிய வரக் கூடாதுடா மாப்ள, வந்துச்சுன்டா நீ எனக்கு மச்சினனே இல்ல. தவசி தலையாட்டினான். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற பையன்.

வெளியே தண்ணீர் கொட்டுகிற சத்தம். முதலில் மழையென்று நினைத்தான். மொட்டைமாடித் தொட்டி நிறைந்து வழிகிறது, கீழே சிமெண்டுத் தரையில் சளார் சளாரென்று விழுகிறது. உள்ளேயிருந்து ஒரு வயசான குரல், "ஏ சங்கரேஸ்வரி! டேங்கு நெறஞ்சு ஊத்துது, காதுல விழுகலையா? மோட்டார அமத்து!" படிக்கிற குரல், "இந்தா போறேன் அத்த. இந்த ஒரு கேள்வி." ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு. மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது? ஏறும்போது பார்த்தான், திட்டில், கதவுக்கு எதிர்ச் சுவரில், சின்ன மரப்பெட்டிக்குள். அதாவது இவன் முதுகுக்குப் பின்னால். அவள் கதவைத் திறந்து வந்து நின்றால் பீரோவுக்கும் அவளுக்கும் நடுவில் இவன் மட்டும்தான். சமமான எதிர்விசை. நீ அதைத் தள்ளுகிற அளவுக்கு அது உன்னைத் தள்ளுமாம். சமமாம். சமமென்றால் ஏன் எனக்கு மட்டும் நடுங்குகிறது, அதுக்கு ஏன் நடுங்கவில்லை? திட்டின் இடது மூலையில் காலி சிலிண்டர் வைத்திருக்கிற ஒரு ஒடுக்கம் உண்டு. இதையும் ஏறும்போதே பார்த்திருந்தான். கீழ்ப்பிடிக்காரன் ஏறும்போதே தப்பிக்கிற இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்வான், அது பயம் இல்லை, பழக்கம். கையை விட்டுவிட்டுப் பின்னால் ஒரே குதி, இடது பக்கம் ஒரு புரளல், ஒடுக்கத்துக்குள். பீரோ நேராக வரும். நேராக வந்தால் பச்சைக் கதவு, அது பிளைவுட் கதவு, அதற்குப் பின்னால் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி. குதிக்கணும் என்றாலும் இடது காலை நம்பிக் குதிக்கணும். இடது கால் எங்கே? பஞ்சவர்ணம் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள்? வெளுத்த துணியை உதறிக் காயப்போடுவாள், அந்த உதறல் சத்தம். ஒரு செருப்பு நடந்து வரும் சத்தம், கதவுக்கு உள்ளே. தண்ணீர் சளார் சளார். ஏங்க நான் இருக்கேனா.

"கதவத் தொறக்காதீங்க!" என்று கத்தினான். கத்தினதாக நினைத்தான், வந்தது பாதிக் குரல்தான். செருப்பு நின்றது. "யாருங்க அது?" "பீரோ எறக்குற ஆளும்மா. தொறக்காதீங்க." "தண்ணி வீணாப் போகுதுண்ணே, ஓரமா வந்து சுவிட்ச மட்டும் அமத்திட்டுப் போயிர்றேன், ஒங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்." தாழ்ப்பாள் நகர்ந்தது. எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாள். தொந்தரவு பண்ண மாட்டாளாம். கை அரை விரல் வழுக்கியது, இல்லை ஒரு விரல், ஆரஞ்சுப் பூ ஒன்று நகத்துக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. வாய்க்குள் அந்தச் சொல் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது, எப்போது வந்தது என்று தெரியவில்லை, ஒரு வேளை செருப்பு கழன்ற அன்றைக்கே வந்துவிட்டதோ, ஆஸ்பத்திரியில் காய்கறிக் கடை என்று சொன்னபோது அதன் மேல்தான் அந்தப் பொய்யை வைத்து மூடினானோ. நில்லு என்று சொல்லிப் பார்க்கலாம். முருகா என்று சொல்லிப் பார்க்கலாம். கதவு கிறீச்சிட்டது, ஒரு கோடு வெளிச்சம் படியில் விழுந்தது.

"தாயி, எனக்கு முடியல" என்றான் முத்திருளன்.

சொன்ன பிறகு காத்திருந்தான், இரண்டு மடங்காகட்டும் என்று. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குக்கர் அடங்கியிருந்தது. பீரோ கனத்தது, அதே கனம்தான், ஒரு குண்டுமணி கூடவில்லை. கதவு திறந்தபடியே நின்றது, அவள் வெளியே வரவில்லை, மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் மட்டும். அப்போது மேலேயிருந்து, மேல்வீட்டிலிருந்து இல்லை, அதே படிக்கட்டின் தலைமாட்டிலிருந்து, வாயில் துணி அடைத்ததுமாதிரி ஒரு குரல் வந்தது. "மச்சான்." அப்புறம் துப்புகிற சத்தம். "மச்சான், எனக்கும் முடியல."

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது, இரும்பு முறிந்த சத்தம், தொம்மென்று விழுந்த சத்தம், முனகல். "சுத்தியல் வாங்கப் போகலியாடா?" "போயிட்டுத் திரும்புனேன், அந்தம்மா இன்னும் தேடுது. நாலு படி எறங்கல, கைப்பிடி பேந்துருச்சு மச்சான். துருப்பிடிச்ச கம்பி. கயித்து மேல விழுந்து புடிச்சிட்டேன். அப்பருந்து படியில படுத்துத்தான் கெடக்கேன்." "கூப்புட்டேன்ல? பதில் பேசுறதுக்கென்ன?" "பல்லுல கயித்தக் கடிச்சிருந்தேன்." முத்திருளன் இவ்வளவு நேரமும் மொத்தக் கனமும் தன் மேல்தான் என்று நினைத்திருந்தான். மொத்தமும் வந்திருந்தால் இந்நேரம் பச்சைக் கதவோடு சேர்ந்து கிடந்திருப்பான். "ஏன்டா அப்பயே சொல்லல?" என்று கேட்டான், கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது. "நீங்கதான சொல்லக் கூடாதுன்டீக" என்றான் தவசி, குற்றம் சொல்கிற மாதிரியே இல்லாமல், ஏதோ வழி கேட்டவனுக்கு வழி சொல்கிற மாதிரி.

சங்கரேஸ்வரி உள்ளே ஓடினாள். "அத்தே! அந்தப் பெஞ்சப் புடிங்க! கேள்வியெல்லாம் அப்புறம் கேளுங்க, புடிங்க!" மாமியாரும் மருமகளும் ஒரு மரப்பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், மாமியார், "மோட்டாரு, மோட்டாரு" என்று சொல்லிக்கொண்டே தூக்கினார். இவன் தலையைத் திருப்பாமல் சொன்னான், ஒரு முனை பீரோவோட அடியில, இன்னொரு முனை கீழ சுவத்து மூலையில, ம், இன்னும் உள்ள, இடிச்சு விடுங்க தாயி. பெஞ்சு ஒருமுறை முனகிவிட்டு நின்றது. மேலே தவசி கையில் சுற்றியிருந்த கயிற்றை ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினான். பீரோ பெஞ்சின் மேல் உட்கார்ந்தது. தோளிலிருந்து அது எழுந்து போனபோது அந்த இடத்தில் குளிர்ந்த காற்று வந்து பட்டது, தோல் உரிந்திருக்க வேண்டும். அவள் சுவிட்சை அமர்த்தினாள். தண்ணீர்ச் சத்தம் குறைந்து, சொட்டாகி, நின்றது. "இறங்கி வாங்கண்ணே, உள்ள வந்து உக்காருங்க" என்றாள். உக்காருங்கண்ணே. அந்தச் சொல் வந்தே விட்டது. ஆனால் நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை, இல்லை வலிக்க இனிமேல்தான் நேரம் இருக்கிறதோ. இறங்க வேண்டுமே என்றுதான் அவன் நின்றான். பீரோவும் பெஞ்சும் சுவரும் நெருக்கிய இடத்தில் குனிந்து பார்க்க இடமில்லை. "தாயி, ஒண்ணு கேக்கணும்" என்றான். "நீங்க படிச்சீங்களே, நகராம நின்னா வேலையே இல்லேன்டு. அது நெசமா?" "புத்தகத்துல அப்படித்தாண்ணே போட்டிருக்கு. பரீட்சைக்கு அப்படித்தான் எழுதணும்." மேலே தவசி கேட்டு வாயில் ரத்தத்தோடு சிரித்தான். முத்திருளன் சிரிக்கவில்லை. அடுத்ததைக் கேட்க அவனுக்கு இன்னும் கொஞ்சம் நேரமாயிற்று. மச்சினன் காதில் விழும், அவன் வழியாக அவன் அக்காள் காதில் விழும், நாளைக்கு டீக்கடையில் விழும். விழட்டும் என்று குரலைத் தாழ்த்தாமலே கேட்டான். "என் இடது காலு எங்க இருக்குன்டு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

சிரிப்பு நின்றது. சங்கரேஸ்வரி குனிந்து பார்த்தாள். "படியிலதாண்ணே இருக்கு" என்றாள். அப்புறம், "பாதி வெளிய நிக்குது" என்றாள். ஒரு படி ஏறி வந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துத் தூக்கி, கீழ்ப்படியில் அகலமான இடம் பார்த்து வைத்தாள். அவள் தொட்டதும் தூக்கியதும் அவனுக்குத் தெரியவில்லை.

"வச்சுட்டேண்ணே" என்று அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.